டனல் ரூட்டிங் செயல்முறைத் தேர்வு: வெளிப் பாக்கெட் எந்த வழியில் போகிறது?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் நெட்வொர்க்கிங் படிக்கும் தம்பி தங்கைகள் லினக்ஸ் செயல்முறைத் தேர்வில் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் டனல் (ஒரு பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் முறை) கேள்வியில்தான். கட்டளைகள் மனப்பாடமாக இருக்கும். ஆனால் டனலுக்குள் நுழையும் பாக்கெட்டுக்குக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இரண்டு தடவை பாதை தேடுகிறது என்பது மனத்தில் பதிந்திருக்காது.

ஜூரோங் அலுவலகத்திலிருந்து சென்னைக் கிளைக்கு ஜிஆர்இ என்ற வகை டனல் ஒன்று என்று வையுங்கள். 10.20.0.5க்குப் போகும் பாக்கெட்டுக்கு முதல் தேடல் ‘ஜிஆர்இ1’, அதாவது டனல் இன்டர்ஃபேஸ், என்று பதில் தரும். அங்கே புதிய ஐபி ஹெடர் ஒன்று மேலே ஏறும். அதன் சேருமிடம் சென்னை ரூட்டரின் வெளி முகவரி, 203.0.113.10. இந்த முகவரிக்குக் கர்னல் மறுபடி பாதை தேடும். அந்தப் பதில் ‘ஈத்0’, அதாவது வெளியே போகும் நிஜ இன்டர்ஃபேஸ், என்று வர வேண்டும்.

டீஃபால்ட் ரூட்டை (தனிப் பாதை இல்லாத பாக்கெட்டுகள் போகும் வழியை) டனலுக்குத் திருப்பியதும் பிங் நின்றுவிடுகிறது, சரிசெய்க என்று கேட்டால், கோளாறு இங்கேதான். இரண்டாம் தேடலும் ஜிஆர்இ1-ஐயே காட்டுகிறது. கர்னல் லூப்பைக் கண்டுபிடித்துப் பாக்கெட்டைத் தூக்கிப் போடுகிறது. ‘ஐபி -எஸ் லிங்க் ஷோ ஜிஆர்இ1’ கொடுத்து டிஎக்ஸ் (அனுப்பியவை) வரியைப் பாருங்கள். ஒவ்வொரு பிங்குக்கும் ‘கொலிஷன்ஸ்’ எண் ஒன்று கூடும். கேபிளில் நடக்கும் மோதலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதற்குப் பதில் ‘கேரியர்’ எண் ஏறினால், வெளி முகவரிக்குப் பாதையே இல்லை என்று பொருள். இந்த இரண்டு எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம்.

தீர்வு: முதலில் ‘ஐபி ரூட் ஆட் 203.0.113.10/32 வயா 192.168.1.1 டெவ் ஈத்0’, அதன் பிறகே டீஃபால்ட்டை மாற்றுங்கள். /32 என்றால் அந்த ஒரே முகவரிக்கு மட்டுமான பாதை; 192.168.1.1 என்பது ஈத்0 பக்கத்து கேட்வே. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் முறை) வழியாக வேலை செய்யும்போது வரிசையை மாற்றினால் இணைப்பே அறுந்துவிடும். ‘ஐபி ரூட் கெட் 203.0.113.10’ என்று கேட்டு, வந்த பதிலை விடைத்தாளில் எழுதுங்கள்.

கேட்வே மாறிக்கொண்டே இருக்கும் வைஃபையில் இந்த /32 நிலைக்காது. அதனால்தான் வயர்கார்ட் என்ற விபிஎன் டனலின் அமைப்புக் கருவியான டபிள்யூஜி-குவிக், டீஃபால்ட் ரூட்டைத் தனி ரூட்டிங் டேபிளில் வைத்துவிட்டு, தன் வெளிப் பாக்கெட்டுகளுக்கு 51820 என்ற குறி போடுகிறது. குறி இல்லாதவை மட்டும் அந்த டேபிளுக்குப் போகும். இங்கே சோதிக்கும்போது ‘ஐபி ரூட் கெட்’ கட்டளையின் கடைசியில் ‘மார்க் 51820’ சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பதில் டனலைக் காட்டும். இல்லாத லூப்பைத் தேடி அலைவீர்கள்.

டிசிபிடம்ப்பில் (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) பாக்கெட் வந்தது தெரிகிறது, பதில் மட்டும் போகவில்லையா? வந்த பாக்கெட்டின் அனுப்புநர் முகவரிக்குத் திரும்பும் பாதை உண்டா என்று சரிபார்க்கும் ஆர்பி-ஃபில்டரைச் சந்தேகியுங்கள். 0 என்றால் சோதனை இல்லை, 1 என்றால் வந்த வழியே திரும்ப வேண்டும், 2 என்றால் ஏதாவது ஒரு வழி இருந்தால் போதும். ‘ஆல்’ மதிப்பு, இன்டர்ஃபேஸ் மதிப்பு இரண்டில் பெரியதுதான் செல்லுபடியாகும். எனவே ‘ஆல்’ஐ 0 ஆக்கினாலும் ஜிஆர்இ1இல் 1 இருந்தால் பயனில்லை. போவதும் வருவதும் வெவ்வேறு வழி என்றால் 2 போதும். முழுக்க அணைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பிங் போகிறது, இணையப் பக்கம் திறக்கவில்லை என்றால் எம்டியூவைப் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பாருங்கள். 1500 பைட் இணைப்பில் ஐபிஐபி என்ற எளிய டனலுக்கு 1480, ஜிஆர்இக்கு 1476, வயர்கார்டுக்கு வழக்கமாக 1420. ‘பிங் -எம் டூ -எஸ் 1448’ ஜிஆர்இயில் போக வேண்டும், 1449 போகக் கூடாது. மீதி 28 பைட் ஐபி, ஐசிஎம்பி ஹெடர்கள். ஃபயர்வாலில் ஜிஆர்இயைத் திறக்கும்போது 47 என்பது புரோட்டோகால் எண், போர்ட் அல்ல. வாய்மொழித் தேர்வில் இதை அடிக்கடி கேட்கிறார்கள்.

பயிற்சிக்கு ஆய்வகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மடிக்கணினியில் ‘ஐபி நெட்என்எஸ் ஆட்’ கொடுத்து மூன்று நேம்ஸ்பேஸ் (ஒரே கணினிக்குள் தனித்தனி நெட்வொர்க்குகள்) உருவாக்கி, வெத் ஜோடிகளால் (மெய்நிகர் கேபிள்கள்) வரிசையாக இணையுங்கள். நடுவிலுள்ளதில் பாக்கெட்டைக் கடத்திவிடும் ஐபி-ஃபார்வர்ட் மதிப்பு 1 தானா என்று பாருங்கள். இரு ஓரங்களுக்கும் இடையே ஜிஆர்இ போட்டு, /32ஐச் சேர்த்து, டீஃபால்ட்டை டனலுக்குத் திருப்புங்கள். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த /32ஐ நீக்கி, கொலிஷன்ஸ் ஏறுவதைப் பாருங்கள்.