கூடைப்பந்துப் பயிற்சி: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 3
இன்று முதல் யாரும் ஒரே இடத்தில் நின்று பந்தெறிவதில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் தூரமும் கோணமும் மாறும். பந்து வளையத்துக்குள் விழுவது சட்டென்று குறைந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் முகங்களும் வாடின. வாடட்டும். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எறியும்போது கை முந்தைய ஷாட்டையே நகலெடுக்கிறது, யோசிக்க எதுவும் இல்லை. ஆட்டத்தில், தடுப்பாரின்றி ஒரே கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோவைத் தவிர எந்த ஷாட்டும் அப்படி வருவதில்லை.

ஜூன் 5
ஒரு தந்தை காரணம் கேட்டார். 1978இல் கெர், பூத் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நடத்திய ஆய்வைச் சொன்னேன். எட்டு வயதுக் குழந்தைகளில் ஒரு குழு 3 அடி தூர இலக்குக்கே சிறு பைகளை எறிந்து பழகியது. மற்றது 2 அடி, 4 அடிக்கு மட்டும். பிறகு 3 அடியில் சோதித்தபோது, அந்தத் தூரத்தில் பழகாத குழுவே துல்லியமாக எறிந்தது. அவர் நம்பாமல் இரண்டு முறை கேட்டார்! ஆனால் பந்தை இப்போதுதான் தொடும் பிள்ளைக்கு முதலில் கொஞ்சம் ஒரே மாதிரிப் பயிற்சி வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

ஜூன் 10
ஒன்பது வயதுச் சிறுமி. பந்தை இடுப்பருகே இறக்கி, உடம்பையே முறுக்கி வீசுகிறாள். "முழங்கையைச் சரிசெய்யுங்கள்" என்றார் உதவிப் பயிற்சியாளர். எனக்கு உறுத்தியது வளையம்தான்: 3.05 மீட்டர், பெரியவர்களின் உயரம். சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்துக்குரிய 2.60 மீட்டருக்கு இறக்கி, அளவில் சிறிய 5ஆம் எண் பந்தைக் கொடுத்தோம். யாரும் எதுவும் சொல்லாமலேயே பந்து நெற்றிக்கு முன்னால் ஏறியது, முறுக்கல் தளர்ந்தது. வலு போதாத உடம்பு கண்டுபிடித்த வழியைக் குறை என்று திட்டுவது அநியாயம்.

ஜூன் 12
மணிக்கட்டைப் பற்றிப் பேசுவதில்லை. "வளையத்தைப் பார்த்து எறி" என்பதோடு சரி. 2005இல் ஃப்ரீ த்ரோ எறிபவர்களிடம் நடந்த ஆய்வில், மணிக்கட்டில் கவனம் வைத்தபோதைவிட வளையத்தில் வைத்தபோது துல்லியம் கூடியது, கைத்தசைகளின் வேலையும் குறைந்தது.

ஜூன் 19
கற்றார்களா என்பதைப் பயிற்சி முடிவில் அளப்பதில்லை. சில நாள் இடைவெளி விட்டு, வந்தவுடன் எறியச் சொல்கிறேன். தூரத்தையும் கோணத்தையும் மாற்றி மாற்றிப் பழகிய பிள்ளைகள் இன்று புதிய கோணத்திலும் தயங்கவில்லை. அடுத்த வாரம் பாஸ் பயிற்சியிலிருந்து கூம்புகளை எடுத்துவிட்டு, தடுக்கும் ஆட்களை நிறுத்தப்போகிறோம்.