நீர் ஊற்றினாலும் குறையாத இனிப்பு

சென்ற ராமநவமியன்று அல்சூரில் எங்கள் தெருமுனையில் பானகம் வழங்கினோம். கூட்டம் பெருகவே அண்டாவில் இரண்டு குடம் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினோம். அடுத்த டம்ளரை வாங்கிக் குடித்த என் அண்ணன் மகள், "அத்தை, வெல்லம் பத்தலை" என்று சொல்லிவிட்டாள்.

பேரண்டத்திலுள்ள பொருளும் இப்படித்தான் நீர்த்துப்போகிறது. தொலைவுகள் இரு மடங்கானால் பொருளின் அடர்த்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். வெளியெங்கும் ஒரே அளவாய்ப் பரவியிருக்கும் ஆற்றலாகக் கருதப்படும் அண்டவியல் மாறிலிக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது: வெளி எவ்வளவு விரிந்தாலும் அதன் அடர்த்தி குறையாது. எத்தனை குடம் ஊற்றினாலும் ஒவ்வொரு டம்ளரிலும் அதே இனிப்பு இருப்பதைப் போன்றது அது. அந்த அடர்த்தி மிக மிகச் சிறியது. எங்கள் மொட்டைமாடியிலுள்ள ஆயிரம் லிட்டர் தொட்டியின் கொள்ளளவில் நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறைகூடத் தேறாது. ஆனாலும் மற்றவையெல்லாம் நீர்த்துக்கொண்டே வந்ததால், இன்று பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு இதுவே.

அசையாத பேரண்டத்தை நிலைநிறுத்த 1917இல் ஐன்ஸ்டைன் இம்மாறிலியைத் தம் ஈர்ப்புச் சமன்பாட்டில் சேர்த்தார். பேரண்டம் விரிகிறது என்று தெளிவானபின் 1931இல் கைவிட்டார். அதை மீட்டுக்கொண்டுவந்தவை, 1998இல் இரு ஆய்வுக் குழுக்கள் அளந்த தொலைதூரச் சூப்பர்நோவாக்கள், அதாவது வெடித்துப் பெருவெளிச்சம் வீசும் விண்மீன்கள். சூரியனைப் போல் 1.4 மடங்கு நிறை என்ற வரம்பை நெருங்கும் வெண்குறு விண்மீன்கள் (எரிபொருள் தீர்ந்து சுருங்கியவை) வெடிப்பதால் அவை உண்டாகின்றன என்பது நெடுநாளைய விளக்கம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய இயற்பியலாளர் சந்திரசேகரின் பெயரால் வழங்கும் வரம்பு அது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. எதிர்பார்த்ததைவிட அந்தச் சூப்பர்நோவாக்கள் மங்கலாகத் தெரிந்தன; நினைத்ததைவிடத் தொலைவில் இருந்தன. அதாவது, விரிவின் வேகம் கூடிக்கொண்டிருக்கிறது. அப்படி வேகம் கூட்டுவதற்குத்தான் இருண்ட ஆற்றல் என்று பெயர்; மாறிலி அதற்கான எளிய விளக்கம்.

வெற்றிடத்துக்கே உரிய ஆற்றல்தான் இது என்று கொண்டு குவாண்டம் முறையில் நேரடியாகக் கணக்கிட்டால், விடை அளவிட்டதைவிட ஏறத்தாழ 10இன் 120ஆம் அடுக்கு மடங்கு பெரிதாக வந்து நிற்கிறது. இவ்வளவு பெரிய பிழை எங்கே நுழைகிறது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கிடையில், அரிசோனாவிலிருந்து விண்மீன்திரள்களை வரைபடமாக்கும் டெசி குழுவினர், தங்கள் தரவை மற்ற அளவீடுகளுடன் சேர்த்துப் பார்த்தால் இந்த இருண்ட ஆற்றல் காலப்போக்கில் வலுவிழப்பதாகத் தோன்றுகிறது என்று 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். சேர்க்கும் சூப்பர்நோவாத் தொகுப்பைப் பொறுத்து அதன் உறுதி 2.8 முதல் 4.2 சிக்மா வரை மாறுகிறது (சிக்மா கூடக்கூட, அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்); கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும். எந்தத் தொகுப்பைச் சேர்த்தாலும் விடை ஒன்றாக வரும்வரை நான் மாறிலியின் பக்கமே நிற்பேன்.