க்ளஃப் போன வழியில் ஒரு சேற்று நடை

ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரி வாசலில் பத்து நிமிடம் நின்றேன். உள்ளே போகத் தோன்றவில்லை, நான் தேடி வந்த ஆளே இங்கிருந்து வெளியேறியவர்தானே. ஆர்தர் ஹ்யூ க்ளஃப், கவிஞர். 1848ல் முதலில் ஆசிரியப் பொறுப்பையும் அப்புறம் ஃபெல்லோ என்ற கல்லூரி உறுப்பினர் பதவியையும் உதறினார். எல்லாம் ஒரு கையெழுத்தால் வந்தது: இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்கிறேன் என்று ஒப்பமிட்டவர்களுக்குத்தான் அங்கே இடம், அவருக்கு மனசு ஒப்பவில்லை. அப்போது வயது 29.

ரயில் பாதையைத் தாண்டித் தென் ஹிங்க்ஸி, அங்கிருந்து போர்ஸ் ஹில் ஏற்றம். முந்தின நாள் மழையில் பாதை முழுக்கச் சேறு, காதில் நெடுஞ்சாலை இரைச்சல். க்ளஃபும் அவருடைய நண்பரான கவிஞர் மேத்யூ ஆர்னல்டும் இளவயதில் சுற்றித் திரிந்த மேடு இது.

ஆர்னல்ட் க்ளஃபுக்கு எழுதிய கடிதங்கள் 1932ல்தான் தொகுப்பாக வந்தன. க்ளஃபின் பதில்கள் பெரும்பாலும் தப்பவில்லை, அதனால் ஃபோனில் ஒருவர் மட்டும் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போலத்தான் படிக்க வேண்டும். பிரான்சில் புரட்சி நடந்த 1848ல் ஆர்னல்ட் உறைமேல் புரட்சிக்காரர் பாணியில் 'குடிமகன் க்ளஃப், ஓரியல் லைசியம்' என்று முகவரி எழுதிக் கிண்டல் செய்கிறார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், இந்தக் காலமே கவிதைக்கு ஒத்துவராத காலம் என்று புலம்பல். நண்பரின் கவிதைகளைக் குறை சொல்லவும் தயங்குவதில்லை. சில இடங்களில் எனக்கே கோபம் வந்தது, ஆனால் அந்தச் சலுகையை நெருங்கியவர்கள்தானே எடுத்துக்கொள்வார்கள்.

மேலே ஏறியதும் ஆக்ஸ்ஃபோர்டின் கோபுரங்கள் தெரிந்தன. க்ளஃப் 1861ல் ஃப்ளாரன்ஸில் 42 வயதில் இறந்தார், 1866ல் ஆர்னல்ட் அவருக்காக 'திர்சிஸ்' என்ற இரங்கற்பா வெளியிட்டார். அதில் க்ளஃப் ஓர் இடையன், உலகத்துப் புயலைப் பொறுக்காமல் தானாகக் கிளம்பிப் போனவன். 39 கோட்பாடுகள், கையெழுத்து, ஒன்றும் இல்லை. அழகான கவிதைதான், ஆனால் எனக்கு அந்தக் குத்தலான கடிதங்கள்தான் உண்மையான நட்பாகப் படுகின்றன. இத்தனைக்கும் ஆர்னல்டும் ஓரியலில் தங்கவில்லை. 1851லிருந்து 35 வருடம் பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராக அலைந்தவர்.

கவிதையில் வரும் எல்ம் மரத்தை நானும் தேடினேன். நாயுடன் வந்த ஒரு பெரியவரிடம் கேட்டதற்கு, "ஆளுக்கொரு மரத்தைக் காட்டுவார்கள்" என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டினார்.