யூரின் ரிப்போர்ட் சுத்தம், வலி மட்டும் போகவில்லை

"இந்தக் கடிதம் தனியார் கிளினிக் கொடுத்தது, இதை வைத்து மானியக் கட்டணத்தில் பார்க்க முடியாது" என்று அரசு மருத்துவமனை முகப்பில் இருந்தவர் சொன்னபோது காலை மணி 9.10. ஆறு வாரம் காத்திருந்து கிடைத்த தேதி. அரைநாள் விடுப்பு எடுத்து, சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்திருந்தேன். உட்கார்ந்தால் அடிவயிற்றிலும் அதற்குக் கீழேயும் ஊசியால் குத்துவது போல் எரியும். முழுக் கட்டணம் கட்டினால் இப்போதே பார்க்கலாம், இல்லையென்றால் முதலிலிருந்து வர வேண்டும் என்றார். ஒருமுறை பார்த்தால் முடிகிற நோய் இல்லை இது என்று உள்ளுக்குள் தெரிந்ததால் திரும்பிவிட்டேன். தேதி போனது போனதுதான். எனக்கு இருப்பது பிளாடர் பெய்ன் சிண்ட்ரோம், அதாவது கிருமி இல்லாமலே சிறுநீர்ப்பையில் தொடரும் வலி என்பது பின்னால்தான் தெரிந்தது.

நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். சாஸ் (CHAS) என்ற அரசு மருத்துவ உதவி அட்டை இருப்பவர்களுக்கு சாஸ் கிளினிக்கும் கொடுக்கலாம். தேதி எடுக்கும்போதே "இது மானிய வகுப்புதானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இதற்கு முன்னால் பத்து மாதம் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் கழிந்தது. எரிச்சல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறுநீர் போக வேண்டும் போன்ற உணர்வு. போனால் அரைக் குவளைகூட வராது. ஒவ்வொரு முறையும் "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்று ஆன்டிபயாட்டிக், மொத்தம் ஐந்து முறை. பலதுறை மருந்தகத்துக்குப் போகுமுன் அந்தக் கிளினிக்கில் என் முடிவுகளையெல்லாம் பிரதி எடுத்துத் தரச் சொன்னேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். அதைப் புரட்டிய தமிழ்த் தாதி நிமிர்ந்து பார்த்து, "அக்கா, கல்ச்சர் மூணு தடவை அனுப்பியிருக்காங்க. மூணுலயும் கிருமியே வளரலையே, உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். சொல்லவில்லை. கிருமி இல்லாத வலிக்குக் கிருமி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடிதம் அன்றைக்கே கிடைத்தது. புதுத் தேதிக்கு முன் எப்போது, எவ்வளவு போகிறது என்று மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு எழுதி வரச் சொன்னார்கள். நான் "நிறைய", "கொஞ்சம்" என்று எழுதிக் கொண்டுபோனேன், மில்லிலிட்டரில் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று மாலையே முஸ்தபா கடையில் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று வாங்கினேன். 90, 70, 110, 80. ஒரு நாளைக்கு 22 தடவை. பெரியவர்களின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 400 மில்லி வரை தாங்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

சிஸ்டோஸ்கோபியைப் பற்றிப் பயப்படாதீர்கள். மரத்துப்போகும் ஜெல் தடவி கேமரா வைத்த மெல்லிய குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பார்க்கிறார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்த நாள் எரிச்சல் இருந்தது, நிறையத் தண்ணீர் குடித்தேன். ஹன்னர் புண் என்று பையின் உள்சுவரில் வரும் ஒருவகைப் புண் இருக்கிறதா என்று தேடினார்கள், இல்லை. "எல்லாம் நார்மல்" என்றார் மருத்துவர். நான் அழுதுவிட்டேன். நார்மல் என்றால் வலி என் கற்பனை என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் வலிக்கிறது. டாய்லெட் சீட்டில் உட்கார்ந்தால் குறைகிறதா?" குறையும். ஒரு வருடமாக எனக்கு அது தெரியும், அதைப் போய் மருத்துவரிடம் சொல்வதா என்று விட்டுவிட்டேன். தயவுசெய்து சொல்லுங்கள். நாற்காலியில் உட்காரும்போது அழுத்தம் விழும் இடத்தில் புடெண்டல் என்ற இடுப்பு நரம்பு ஓடுகிறது, டாய்லெட் சீட்டில் நடுப்பகுதி காலியாக இருப்பதால் அந்த அழுத்தம் இல்லை. அந்த ஒரு பதிலில் அவருக்குப் பாதி விஷயம் பிடிபட்டுவிட்டது.

பிறகு தாளில் படம் போட்டுக் காட்டினார். முதுகுத்தண்டின் அடியிலிருந்து எஸ்2, எஸ்3, எஸ்4 என்று மூன்று நரம்பு வேர்கள் வருகின்றன. புடெண்டல் நரம்பும் அங்கிருந்துதான், சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகளும் அங்கிருந்துதான். அதனால் ஓரிடத்தில் கிளம்பும் வலி இன்னோரிடத்து வலியாகத் தெரியலாம். பை நிறைந்ததைச் சொல்ல ஒருவகை நரம்பு நார்கள் உண்டு. சி நார்கள் என்று இன்னொரு வகையும் உண்டு, அவற்றில் பல நல்ல நிலையில் இருக்கும் பையில் சும்மா கிடக்கும். அழற்சியோ காயமோ அவற்றை எழுப்பிவிட்டால் கொஞ்சம் சிறுநீர் சேர்ந்தாலே கத்த ஆரம்பிக்கின்றன. அந்தக் கத்தல் மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தால் தண்டுவடமும் மாறுகிறது, சின்னத் தூண்டலைக்கூடப் பெரிதாக்கி மூளைக்கு அனுப்புகிறது. முதலில் இருந்த காரணம் ஆறிப்போனாலும் வலி நிற்காமல் இருக்கலாம். தண்டுவடத்தில் நடக்கும் இந்த மாற்றத்தைக் கிளிஃபோர்டு உல்ஃப் என்பவர் எலிகளில் காட்டியது 1983இல். நான் பிறப்பதற்கு முந்தைய வருடம். எனக்கு அதைச் சொல்ல ஒருவர் கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. இன்னும் மனம் ஆறவில்லை எனக்கு.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். வீட்டில் அத்தை உறைக்குள் இருந்த தாளைப் படித்துவிட்டு, "இது மனச்சோர்வு மாத்திரையாச்சே, உனக்கு எதுக்கும்மா?" என்று கலங்கிப்போனார். எனக்கும் சுருக்கென்றது, இரண்டு நாள் போடவில்லை. மாத்திரை கொடுத்த மருந்தகத்துக்குப் போன் செய்து கேட்டேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு, இந்தச் சின்ன அளவு நரம்பு வலிக்கு என்று விளக்கினார்கள். வாய் வறட்சியும் காலைத் தூக்கக் கலக்கமும் உண்டு, தூங்கப்போகும் நேரத்தில் போடாமல் எட்டு மணிக்கே போட்டதில் காலை சமாளிக்க முடிந்தது. வேண்டாம் என்று தோன்றினாலும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

உண்மையான திருப்பம் பிசியோவில். இடுப்புத் தளத் தசைகளுக்கென்றே பயிற்சி பெற்றவர். என் சம்மதம் கேட்டுவிட்டு உள்பரிசோதனையில் பக்கவாட்டில் ஒரு தசையை விரலால் மெல்ல அழுத்தினார். எனக்குச் சிறுநீர்ப்பை எரிந்தது. அதே எரிச்சல், அதே இடம்! "நான் பையைத் தொடவே இல்லை" என்றார். ஆப்டுரேட்டர் இன்டர்னஸ் என்ற இடுப்புத் தசையாம், அதை ஒட்டித்தான் புடெண்டல் நரம்பு போகிறது. பத்து விநாடி அப்படியே அழுத்திப் பிடித்திருந்தார், எரிச்சல் மெதுவாக இறங்கியது. பத்து மாதம் மாத்திரைக்கு அசையாத ஒன்று ஒரு விரலுக்கு இறங்கியதை நான் மறக்க மாட்டேன்.

தோழி சொன்னாள் என்று மூன்று மாதம் கீகல் பயிற்சி (இடுப்புத் தளத் தசையை இறுக்கி இறுக்கி விடுவது) செய்தேன் என்றதும் உடனே நிறுத்தச் சொன்னார். ஏற்கெனவே இறுகிப்போன தசையை மேலும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வேண்டியது தளர்த்துவது. வயிறு விரிய மூச்சிழுத்து, விடும்போது கீழே தளர விட வேண்டும். கீகல் எல்லாருக்கும் நல்லது என்று யாராவது சொன்னால் பரிசோதிக்காமல் தொடங்காதீர்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். இந்த நோயை ஐசி (இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ்) என்றும் சொல்வார்கள். முகப்பில் "ஐசி" என்றால் உங்கள் அடையாள அட்டையைத்தான் (இங்கே அதற்கும் ஐசி என்றுதான் பெயர்) கேட்பார்கள், எனக்கு இரண்டு முறை நடந்தது. பிளாடர் பெய்ன் சிண்ட்ரோம் என்று முழுதாகச் சொல்லுங்கள். பிசியோவுக்குத் தேதி தூரமாக இருந்தால் யாராவது ரத்து செய்தால் அழைக்கும் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். எனக்கு அப்படித்தான் ஐந்து வாரம் முன்னதாகக் கிடைத்தது.

நேற்றுக் காலை குவளையில் 240. அலுவலகத்தில் நடுவில் வெட்டுவிட்ட மெத்தை போட்டு ஒரு மணி நேரம் உட்கார முடிகிறது, அதற்கு மேல் எழுந்து நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. அடுத்த பிசியோ வியாழக்கிழமை.