கையெழுத்துக்கு முன் பாடிய பாட்டு

டாக்டர் நர்ஸான என்னைக் கூப்பிட்டது நோயாளிக்குத் தமிழில் எடுத்துச் சொல்லத்தான். அந்த ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். ஆனால் வலி கூடினால் தமிழ் மட்டும்தான். சர்க்கரையால் கால் கருத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கிருமி இரத்தத்தில் ஏறிவிடும். தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில், நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தப் பேச்சு எனக்குப் பழகிப்போன ஒன்று.

ஆயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "தைப்பூசக் காவடி முடியட்டும் சிஸ்டர். ரெண்டு காலோட நின்னு கும்பிட்டுட்டு வந்து படுத்துக்கறேன்" என்றார். கால் அதுவரை தாங்காது. அதையும் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் பாடினேன். யோசித்துச் செய்யவில்லை என்றுதான் இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். "சொற்றுணை வேதியன்" என்று அப்பரின் நமச்சிவாயப் பதிகத்தைத் தொடங்கினேன். "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்" வந்தபோது ஆயாவும் சேர்ந்துகொண்டார். முடிந்ததும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட அவரே பேனாவைக் கேட்டார்.

வெளியே வந்ததும் டாக்டர், "அப்படி என்ன சொன்னீங்க? இனிமே மறுக்கிறவங்ககிட்ட எல்லாம் உங்களைத்தான் அனுப்பணும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கொரோனா வார்டில் முகக்கவசத்துக்குள் நான் முணுமுணுத்தது இந்தப் பதிகத்தைத்தான். அது இல்லாமல் சில இரவுகளைத் தாண்டியிருக்க மாட்டேன். எனக்குப் பலம் தந்ததை இன்னொருவருக்கும் தந்தேன், அவ்வளவுதானே? ஆனால் பாட்டின் கதையை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்தார் என்கிறது பெரியபுராணம். அவருக்கு ஒரு விரல்கூடப் போகவில்லை. முழுசாகக் கரையேறியவரின் பாட்டைப் பாடி, கால் போகப்போகிறவரிடம் கையெழுத்து வாங்கினேனா?

சட்டப்படி குறையில்லை. 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு கேட்பதெல்லாம், நோய் நிலை, சிகிச்சை வழிகள், அவற்றின் நன்மைகள், ஆபத்துகள், செலவு, விளைவுகள், மறுக்கும் உரிமை ஆகியவற்றை இயன்றவரை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பதே. சொன்னேன். பாட்டு அதற்கு அப்புறம்தான். காலை ஷிப்ட் தொடங்கும்போது சுலு இன சிஸ்டர்கள் வார்டு நடுவில் நின்று தோத்திரம் பாடுகிறார்கள், அதை யாரும் தப்பு சொல்வதில்லையே. சரி, அவர்கள் கையில் அப்போது படிவம் இருக்காது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குப் போகிற அன்று ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாடினதாலதான் போட்டேன் கண்ணு" என்றார். நன்றியாகத்தான் சொன்னார். ஆபத்தைப் பற்றி அத்தனை விளக்கினேனே, அதில் ஒரு வார்த்தையாவது கணக்கில் வந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: முதலில் கையெழுத்து, பாட்டு பிறகு. போன வாரம் ஒரு தாத்தா முன்னாலேயே பாடச் சொன்னார். "போட்டுட்டீங்கன்னா பாடறேன் தாத்தா" என்றேன்.

"பாட்டைக் கேட்டுட்டு வேணாம்னு சொன்னா விட்டுடுவியா?"

விடுவேன் என்றேன். பாடினேன். தாத்தா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார். டாக்டர் இப்போது என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.