டிராக்டர் டெயில் லேம்ப் தண்ணீர் குடிப்பது எப்படி

செத்துப்போன டெயில் லேம்ப் கைக்கு வந்தால் லென்ஸைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் ஒயரைப் பிடித்து, விளக்கிலிருந்து நாலு விரல் தள்ளி வெட்டி, மேல்தோலை உரிப்பேன். உள்ளே செம்பு செம்பாகவே இருந்தால் கோளாறு வேறெங்கோ. கறுத்துப்போய், இழைகளுக்கு நடுவே பச்சை பூத்திருந்தால் விளக்கைத் திறக்கவே தேவையில்லை. தண்ணீர் ஒயர் வழியாக ஏறி வந்திருக்கிறது.

"கேஸ்கெட்டு நல்லாத்தானே கீது, லென்ஸுலயும் விரிசல் இல்ல, அப்புறம் எப்படிக்கா உள்ள தண்ணி?" எங்கள் அசெம்பிளியில் புதிதாகச் சேர்கிற எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி இது. கேஸ்கெட் என்பது லென்ஸுக்கும் கூட்டுக்கும் நடுவே தண்ணீர் புகாமல் வைக்கிற அடைப்பு. நடப்பது இதுதான். விளக்கு பகலெல்லாம் வெயிலில் காய்கிறது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து, கிடைத்த சந்தில் கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. சாயங்காலம் வண்டியை வாட்டர் சர்வீஸில் விடுகிறார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் மிச்சக் காற்று சுருங்கி உள்ளே ஓர் இழுப்பு உண்டாகிறது. கேஸ்கெட் இறுக்கமாக இருந்தால் அந்த இழுப்புக்கு மிஞ்சும் ஒரே வழி ஒயர்தான். மெல்லிய செம்பு இழைகளை முறுக்கி மேலே பிவிசி போர்த்தியிருக்கிறார்கள். இழைகளுக்கு நடுவே சந்து இருக்கத்தானே செய்யும்? மறுமுனையில் கனெக்டர் சேற்றுத் தண்ணீரில் கிடக்கிறது. ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுகிற மாதிரி விளக்கு அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. கேஸ்கெட் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவு நன்றாக உறிஞ்சும்!

இதற்கு வைத்தியம் சின்னதுதான். விளக்கின் கூட்டுக்குள் ஒயர் நுழைந்த இடத்தில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை உரித்து, வெறும் செம்பில் சால்டரிங் ஈயத்தை உருக்கி ஊற விடவேண்டும். ஈயம் இழைகளுக்குள் இறங்கிச் சந்துகளை அடைத்துவிடும். அதன்மேல் ரெசின் (ஊற்றினால் இறுகிவிடும் பிசின்) ஊற்றினால் அது வெறும் உலோகத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பிவிசியை ரெசின் அவ்வளவாகப் பிடிக்காது. ஒரு விளக்குக்குக் கூடுதலாக அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்துக்காக எங்கள் ஓனரோடு நான் போட்ட சண்டையை யூனிட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

யூனிட் மாதவரத்தில் இருக்கிறது. கீழே மோல்டிங், பக்கத்தில் அசெம்பிளி, மாடியில் என் மேசை. வீடு திருவொற்றியூர். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் பின்னால் மாட்டுகிற எல்இடி விளக்குகளை வரைவதுதான் என் வேலை. "வட சென்னையில எங்கம்மா டிராக்டர்?" என்று தி.நகர் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். செம்பியத்தில் டிராக்டர் என்ஜினும் டிராக்டருமாகப் பல தலைமுறை பிழைத்திருக்கிறது. டாஃபே தொடங்கியதே 1960-ல் நம்ம சென்னையில்தான். அதுவும் வேண்டாம், ஜிஎன்டி ரோட்டில் செங்குன்றம் தாண்டினால் பொன்னேரி பக்கம் நெல்வயல். நடவு சமயத்தில் கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரம்) மாட்டிய வண்டிகள் சேறு சொட்டச் சொட்ட அதே ரோட்டுக்குத்தான் ஏறி வரும். பின்னால் கண்டெய்னர் லாரி.

அந்த லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல். பழைய 21/5 வாட் (பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5) குண்டு பல்பில் இழை சூடாகி முழு வெளிச்சம் வர ஏறக்குறைய 0.2 செகண்ட் ஆகும். எல்இடி சட்டென்று எரியும். அந்த வித்தியாசம் லாரிக்காரருக்குக் கூடுதலாக மூன்று மீட்டர் கொடுக்கிறது. ஆனால் இதற்காக யாரும் எல்இடி வாங்குவதில்லை. டிராக்டரின் பின் ஆக்ஸிலில் ஸ்பிரிங் கிடையாது, வயல் வரப்பில் ஏறி இறங்கும் குலுக்கலில் இழை அறுந்துகொண்டே இருக்கும். பல்பு மாற்றி அலுத்துப்போய்த்தான் வருகிறார்கள்.

வந்ததும் முதலில் கேட்பது "சின்னதா குடும்மா" என்பதுதான். அழகுக்காகக் கேட்பதில்லை. மட்கார்டில் துருத்திக்கொண்டிருக்கும் விளக்கின்மேல் கால் வைத்துத்தான் ஆட்கள் வண்டியில் ஏறுவார்கள். மாடு உரசும், கரும்புக் கட்டு இடிக்கும். டிரெய்லரில் இன்னும் மோசம்: லோடு இறக்கும்போது பின்பலகை திறந்து தொப்பென்று விழுகிற இடத்தில்தான் விளக்கு இருக்கும். பெரிய விளக்காக இருந்தால் எவ்வளவு தடிமனான பிளாஸ்டிக் போட்டாலும் ஒருநாள் உடையும். டிரெய்லர் சட்டத்தில் இருக்கிற 100 மில்லிமீட்டர் சி-சானலுக்குள் (ஆங்கில C வடிவ இரும்பு) ஒளிந்துகொள்கிற விளக்கின் மேல் பலகை படாது. ஒரு விளக்கின் ஆயுள் எதனால் செய்தது என்பதைவிட எங்கே உட்காருகிறது என்பதில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கட்சி.

ஒளித்து வைத்தால் அடுத்த வம்பு. பின் விளக்கு நேர் பின்னாலிருந்து மட்டும் தெரிந்தால் போதாது. வெளிப்பக்கம் 80 டிகிரி, உள்பக்கம் 45 டிகிரி வரை தெரியவேண்டும் என்கிறது விதி. சானலின் விளிம்பு அந்த 80 டிகிரியை அப்படியே வெட்டிவிடும். அதனால் வெளிப்பக்க லென்ஸை மட்டும் விளிம்பைத் தாண்டி ஒரு சின்ன மூக்கு வைத்து, அதற்குப் பின்னால் ஒரு எல்இடியைச் சாய்த்து உட்கார வைத்தேன். பலகை விழும் கோணத்தைப் பார்த்து, மூக்குக்கு மேலே இரும்பிலேயே ஒரு சின்ன மறைப்பு. டை, அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு, செய்கிற அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மூக்குக்கு ஒரு ஸ்லைடு வேணும், உங்க ஓனரு ஒத்துப்பாரா?" என்றார். ஸ்லைடு என்பது அச்சில் பக்கவாட்டில் நகரும் துண்டு, செலவு கூடும். ஒத்துக்கொள்ள வைத்தோம்.

வெளிச்சம் இந்த வேலையில் சுலபமான பகுதி. ஐநா விதிமுறை 7 நேர் பின்னால் கேட்பது டெயிலுக்கு குறைந்தது 4 கேண்டெலா (ஒரு திசையில் போகும் வெளிச்சத்தின் அளவு), பிரேக்குக்கு 60. நம்மூர் வண்டி விளக்குத் தரவிதியான ஏஐஎஸ்-012 பெரும்பாலும் அதையொட்டியதுதான். இரண்டும் ஒரே லென்ஸுக்குள் இருந்தால் பிரேக் வெளிச்சம் டெயிலைப் போல ஐந்து மடங்காவது இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடித்தது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. இதற்கெல்லாம் இன்றைக்கு விரல் நகம் அளவு சிவப்பு எல்இடி நாலைந்து போதும். சிக்கல் சூட்டில் இருக்கிறது. சிவப்பு எல்இடி சூடாகச் சூடாக மங்கும், வெள்ளையைவிட வேகமாக. ஆம்பர் அதைவிட மோசம். விளக்கு சின்னதாகச் சின்னதாகச் சூடு போக இடமில்லை. கத்திரி வெயிலில் நின்ற மட்கார்டு தகரத்தில் கை வைத்துப் பாருங்கள், அதில்தான் நாங்கள் சூட்டைக் கொட்டவேண்டும். அலுமினிய போர்டு போட்டு, போர்டின் முதுகை நேராகக் கூட்டோடு ஒட்டினால் ஓரளவு தாங்குகிறது.

சிவப்பு எல்இடி ஒன்றுக்கு இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். என்ஜின் ஓடும்போது லைனில் 14 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோத்தால் சூடு வீணாகாது. ஆனால் பேட்டரி தளர்ந்து 10 வோல்ட்டுக்கு வந்தால் விளக்கு படுத்துவிடும். மூன்றாகக் கோத்தால் எப்போதும் எரியும், மிச்ச வோல்ட் முழுக்க சூடாகும். கரண்ட்டை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து அளவு பார்க்கும் ஸ்விட்சிங் டிரைவர் போட்டால் இரண்டு தலைவலியும் போகும், 24 வோல்ட்டிலும் ஓடும். ஆனால் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டரிங் வேலை சரியில்லாத ஸ்விட்சிங் டிரைவர் பின்னாலிருந்து முன்னால் வரை ஓடும் ஒயரையே ஆன்டெனாவாக்கி எஃப்எம்மில் "ஙொய்ங்" என்று கத்தும். பாட்டு இல்லாமல் டிராக்டர் ஓட்டுகிற யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் 12 வோல்ட் மாடலில் மூன்று மூன்றாகக் கோத்து, மிச்ச வோல்ட்டைச் சூடாக்கிவிடும் சாதாரண லீனியர் டிரைவரோடு நிறுத்திக்கொண்டேன். கூடவே திடீர் வோல்ட் ஏற்றத்தைத் தான் வாங்கிக்கொள்ளும் ஒரு டிவிஎஸ் டையோடு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றுகிற பழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் உண்டு. அந்த நொடியில் ஆல்டர்னேட்டர் 12 வோல்ட் லைனில் 80, 100 வோல்ட் வரை எகிறவிடும். டையோடு இல்லாத விளக்கு அதோடு சரி.

ரெசின் ஊற்றுவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். குலுக்கலுக்கு பாலியூரித்தேன் நல்லது. எபாக்சி மாதிரி கல்லாக இறுகாமல் ரப்பர் போல இருந்து, ஈயப் பற்றுகளை இழுத்து விரிசல் விடாது. ஆனால் அதன் ஒரு பாகமான ஐசோசயனேட்டுக்கு ஈரம் ஆகாது. காற்றிலிருக்கும் ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி, ஊற்றியது நுரைத்து நிற்கும். மார்கழியில் கடல் காற்று அடிக்கிற மாதவரத்தில் டப்பா மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது தெரியும். குமிழி வெளியே தெரிந்தால் பரவாயில்லை, ஒதுக்கிவிடலாம். ஒயர் நுழைகிற இடத்தில் உள்ளே ஒளிந்திருந்தால்தான் வில்லங்கம். இப்போது அந்த ரூமில் ஏசி. எங்கள் ஆபீஸில் கிடையாது, ரெசினுக்கு உண்டு.

முன்பக்கமும் ரெசின் நிரப்பிவிட்டால் தண்ணீர் பிரச்சினையே இல்லையே என்று தோன்றும். எல்இடியின் மேல் இருக்கும் குட்டிக் குமிழ் லென்ஸ் வெளிச்சத்தை வளைப்பது காற்றுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தால். அதை ரெசினில் முக்கினால் வளைப்பு போய்விடும். ரிஃப்ளெக்டர் அதைவிடப் பெரிய சங்கடம். விளக்கு செத்தாலும் பின்வண்டியின் ஹெட்லைட்டில் சிவப்பாக மின்னுகிற பகுதி அது. கரண்ட் போன டிரெய்லரைக் காப்பாற்றுவது அது மட்டும்தான். லென்ஸின் உள்பக்கம் கனசதுர மூலைகள் வரிசையாகச் செதுக்கியிருக்கும். வெளிச்சம் உள்ளே வந்து மூன்று சுவரில் மோதி வந்த வழியே திரும்பும். நேராக வருகிற கதிர் ஒவ்வொரு சுவரிலும் ஏறக்குறைய 55 டிகிரியில் விழும். அக்ரிலிக்குக்குப் பின்னால் காற்று இருந்தால் 42 டிகிரிக்கு மேல் எல்லாமே முழுசாகத் திரும்பும். அங்கே தண்ணீர் படிந்தால் அந்த எல்லை 63 ஆகிவிடும். 55 டிகிரியில் வருகிற வெளிச்சம் தண்ணீருக்குள் நழுவிப் போய்விடும். அதாவது உள்ளே ஈரம் கோத்த ரிஃப்ளெக்டர் பகலில் சிவப்பாகவே தெரியும், ராத்திரி இருட்டாக நிற்கும். யாருக்கும் சந்தேகமே வராது. அதனால் ரிஃப்ளெக்டருக்கு மட்டும் பின்னால் தனி மூடி வைத்து, சுற்றிலும் அல்ட்ராசானிக் வெல்டிங். விளக்கோடு அதற்குக் காற்றுத் தொடர்பே கிடையாது.

தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி67 என்ற ரேட்டிங்கைப் பெட்டியில் அச்சடிப்பதை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் அமைதியாகக் கிடப்பது அது. டிராக்டருக்கு வருகிற ஆபத்து வாட்டர் சர்வீஸ் பையன் நாசிலை ஒரு சாண் தூரத்தில் வைத்து அடிக்கிற பிரஷர். அதற்குத் தனியாக ஐபி69கே உண்டு: 80 டிகிரி சூட்டுத் தண்ணீர், 80 முதல் 100 பார் அழுத்தம், 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரம். உப்புக் காற்று டெஸ்ட்டுக்கு மட்டும் லேபுக்கு முன்னால் எனக்கு இலவச வசதி. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் திருகுகள், பிராக்கெட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு கூட எண்ணூர் பக்கத்துக் காற்றில் பழுப்புப் புள்ளி போடுகிறது. அம்மாவுக்கு வடாம் காயப்போட இடமில்லை என்று கோபம்.

போன மாதம் பொன்னேரி பக்கத்திலிருந்து ஒருத்தர் போன் செய்தார். "ஏம்மா, பிரேக்கு புடிச்சா இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்மினுக்குன்னு எரியுதும்மா. லைட்டு டூப்ளிகேட்டா?"

"எர்த்து ஒயரை எங்க குடுத்தீங்கய்யா?"

"அத எதுக்கு? மட்கார்டுல போல்ட்டு இருக்குல்ல, அதுலயே மாட்டிட்டேன்."

பெயின்டும் துருவும் அடைத்த போல்ட்டு. திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட் பக்கத்து விளக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். குண்டு பல்பு காலத்தில் இது அரைகுறையாகத் தெரியும். எல்இடிக்குத் துளி கரண்ட் போதும் என்பதால் பளிச்சென்று தெரிகிறது. கறுப்பு ஒயரை நேராக பேட்டரி நெகட்டிவ் லைனுக்கு இழுக்கச் சொன்னேன். மறுநாள் "சரியாப்போச்சும்மா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ், பின்னணியில் பாட்டு, இரைச்சல் இல்லாமல்.

சென்னையில் வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி வாங்குகிறவர்களுக்கு: விளக்கை எரிய வைத்துக் காட்டினால் மயங்காதீர்கள், எல்லாமே கடையில் எரியும். பின்பக்கம் திருப்பி, ஒயர் வெளியே வருகிற இடத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் வைத்துவிடுங்கள். மாட்டும்போது ஒயரை விளக்கிலிருந்து முதலில் கீழே இறக்கி ஒரு வளைவு விட்டு, பிறகு மேலே ஏற்றிக் கட்டுங்கள். ஒயரின் மேல் வழிகிற தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். கனெக்டரை சேஸிஸின் உள்பக்கம், சேறு தெறிக்காத உயரத்தில் வையுங்கள். இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடித்தால் விளக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் பழைய பிளாஷரை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் பிளாஷர் போடுங்கள். டிரெய்லர் ஷெட்டில் எலி இருந்தால் ஒயருக்கு மேல் டியூப் போட மறக்காதீர்கள். எலிக்கு ஐபி ரேட்டிங் கிடையாது.