டர்னரின் டிரஃபால்கரில் மணி என்ன?

பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களைப் பிரிட்டன் வென்ற கடற்போரைக் காட்டுவது, ஆங்கிலேய ஓவியர் ஜே.எம்.டபிள்யூ. டர்னரின் 'டிரஃபால்கர் போர்'. அந்த ஓவியத்தின் முன் நின்றால் முதலில் கொடிகளைத் தேடுங்கள். 'விக்டரி' கப்பலில் பறப்பவை, அதிலிருந்த பிரிட்டிஷ் தளபதி நெல்சன் தன் படைக்குக் கொடிகளால் அனுப்பிய செய்தியின் கடைசிச் சொல்: 'டியூட்டி', அதாவது கடமை. சொற்களைக் கொடி எண்களாக்கும் பாப்ஹாமின் குறியீட்டு நூலில் அதற்குத் தனி எண் இல்லாததால் நான்கு எழுத்துகளையும் 4, 21, 19, 24 என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியிருந்தது. இது நடந்தது 1805 அக்டோபர் 21, நண்பகலுக்குச் சற்று முன்.

அடுத்து, 'விக்டரி'யில் சரியும் பாய்மரத்தைப் பாருங்கள். அது பகல் 1 மணிக்கு விழுந்தது. தொலைவில் எரியும் பிரெஞ்சுக் கப்பல் 'அஷீல்' மாலையில்தான் தீப்பிடித்தது. முன்னால் மூழ்கும் இன்னொரு பிரெஞ்சுக் கப்பல் 'ரெடூத்தாபிள்' மூழ்கியதோ மறுநாள்! இத்தனை நேரங்களும் ஒரே படத்தில்.

நான்காம் ஜார்ஜ் மன்னர் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைக்காகக் கேட்டு, 1824இல் முடிந்த படம் இது. ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். டர்னர் தீட்டியதிலேயே பெரியது. கடற்படையினர் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1829இல் படம் லண்டனின் கிரீனிச்சுக்குப் போய்விட்டது. இப்போதும் அங்கே தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

நேரக் கணக்கில் குறை சொன்னவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் ஆபத்தைக் காட்டியதில் டர்னர் தவறவில்லை. பாய்மரம் முறிந்தால் கயிறும் பாயும் பீரங்கிகளை மூடிக்கொள்ளும். சுட்டால் அந்தப் பாயே பற்றிக்கொள்ளும். கோடரியால் வெட்டி உடனே கடலில் தள்ளியாக வேண்டும். 'அஷீல்' அழிந்ததும் இப்படித்தான்: பாய்மர உச்சியில் பிடித்த தீ, மரம் முறிந்து விழுந்தபோது தளத்துக்கே இறங்கிவிட்டது. கடைசியில் கப்பல் வெடித்துச் சிதறியது. அதற்குமுன் நீரில் குதித்தவர்களைக் காப்பாற்ற ஆங்கிலேயப் படகுகள் நெருங்கின. குண்டு நிரப்பியிருந்த பீரங்கிகள் சூடேறித் தாமாகவே வெடித்தன. உதவ வந்தவர்களும் தப்பவில்லை.

படத்தில் இல்லாதது ஒன்று உண்டு: தளத்துக்குக் கீழே நடந்தவை. 32 பவுண்டு குண்டு, அதாவது சுமார் 14.5 கிலோ இரும்பு, ஓக் பலகையைத் துளைக்கும்போது உட்புறம் மரச்சிம்புகள் ஈட்டிபோல் பாயும். பலரின் உடலைக் கிழித்தவை இந்தச் சிம்புகளே. 'விக்டரி'யில் மட்டும் 57 பேர் இறந்தார்கள், 102 பேர் காயமடைந்தார்கள். டர்னர் அவ்வளவு உள்ளே போகவில்லை. மாறாக, படத்தின் கீழ்விளிம்பு முழுவதையும் தண்ணீரில் தத்தளிப்பவர்களுக்குக் கொடுத்தார். மன்னருக்காக வரைந்த வெற்றிப்படத்தில், பார்ப்பவர் கண்ணுக்கு மிக அருகில் இருப்பவர்கள் அவர்கள்தான்.